ஆதரவு நிறுத்தப்பட்ட மாடல்

நாலு நம்பர் கடைக்கும் பூபாலன் டயர் கடைக்கும் நடுவே
ஏழடி அகலத்தில் என் கடை.
சுங்காயில் கெட்டுப்போன போன்களெல்லாம்
கடைசியில் இந்த மேசைக்குத்தான் வரும்:
கக்கூஸில் விழுந்தது, லோரி ஏறியது,
செம்பனைக் குலை நேராகத் தலையில் இறங்கியது
(போனின் தலையில். ஆள் தப்பித்தான்).

இன்று வந்தது எதிலும் விழாதது.
இருதயநாதன் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"மூணு நாளா நான் வேலைக்கே வரலையாம், விக்கி.
இந்தக் கையைப் பாரு."
பார்த்தேன்.
நகக்கண்ணெல்லாம் யூரியா.

ஐந்தாம் கட்டைத் தோட்டத்தில் இப்போது
பெரட்டுக்கு யாரும் பேர் கூப்பிடுவதில்லை.
இருட்டோடு ஐந்தே முக்காலுக்கு
அவரவர் போனை அவரவர் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும்.
செயலி தலையாட்டினால் அன்றைக்கு ஆள்.
போன வாரம் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
புதியது இந்தப் போனில் ஏறாது.
கம்பெனி மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறது:
இந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது.
போனுக்கு வயது மூன்றரை.

சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
கிரகங்களையெல்லாம் தாண்டிப்போன கலம் ஒன்று,
நாற்பதைக் கடந்த இரும்பு,
திடீரென்று உளறுகிறதாம்.
நினைவகத்தில் ஒரு சில்லு செத்திருக்கிறது.
யாரோ சிலர் மஞ்சளாய்ப்போன தாள்களைப் புரட்டி,
செத்த இடத்தைச் சுற்றிப் போகும்படி
சில வரிகளை மாற்றி அனுப்பிவிட்டு
உட்கார்ந்திருக்கிறார்கள்.
சேதி போக ஏறக்குறைய ஒரு நாள்.
பதில் வர இன்னொரு நாள்.

பூபாலன் எட்டிப் பார்த்தார்.
"அந்தக் காசுக்கு நம்ம பாலத்தைக் கட்டிருக்கலாம்."
நிலவுக்கும் இதையே சொன்னார், செவ்வாய்க்கும் இதையே.
பாலம் கட்ட வேண்டியவர்கள் ராக்கெட் விடுவதில்லை என்று
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தவள் நான்.
இன்று வாயைத் திறக்கவில்லை.
என் பொறாமை வேறு.

அந்த இரும்பிடம் யாரும்
புதுசு வாங்கிக்கோ என்று சொல்லவில்லையே.
அதன் வரைபடம் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது,
தேடினால் கிடைக்கிறது.
என் கையிலிருப்பதற்கு ஸ்குரூகூடக் கிடையாது, பசைதான்.
முடி காயவைக்கும் மிஷினால் சூடேற்றி
ஓரத்தில் நகம் நுழைத்துப் பிளந்தேன்.
உள்ளே இரண்டு புள்ளி. ஊசியால் ஒன்றாகத் தொட்டால்
போன் தன் கம்பெனியை மறந்துவிடும்.

இந்த மாடலுக்கென்றே
சம்பளமில்லாமல் ஒருத்தன் மென்பொருள் எழுதி வைத்திருக்கிறான்.
சுராபாயாவோ, வார்சாவோ, தெரியாது.
அவன் தலையணையோரத்திலும் இதே போன் கிடக்கும்
என்று நினைத்துக்கொள்வேன்.
அதை ஏற்றினேன். திரை கறுப்பானது.

கறுப்பாகவே இருந்தது.
இருதயநாதன் பையில் கட்டிய தேத்தண்ணியை
ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:
"செத்துருச்சா?"
"வழியில இருக்கு."

பதினோரு நிமிஷம் கழித்துக் கண் திறந்தது.
ஜனவரி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
இவர் பிறக்க இன்னும் நாலு வருஷம்.
அந்தக் கலம் இன்னும் தரையைவிட்டே கிளம்பவில்லை.
ஐந்தாம் கட்டையில் இன்னும் பால்மரம்.
மணி ஏழரை.

"ஏழரையா?" என்றார்.
"பெரட்டுக்கு லேட்டு."

தேதியைத் திருத்தினேன். செயலி ஏறியது.
முதல் தடவை அவரைத் தெரியாது என்றது,
தொப்பியைக் கழற்றியதும் தெரியும் என்றது.
ஆனால் அந்த மூன்று நாள்?
அதற்கு ஊசியால் தொட ஒரு புள்ளியும் இல்லை.
கிராணி சுல்கிப்ளி 'சிஸ்தம்' என்று சொல்லிக் கைவிரிப்பார்.
பில் புத்தகத்தை எடுத்தேன்.
மூன்று தேதிகளையும் மலாயில் எழுதி,
இந்நாட்களில் போன் இயங்கவில்லை, ஆள் இயங்கினார் என்று
கடை முத்திரையை அழுத்திக் குத்திக் கொடுத்தேன்.
செல்லுமா, தெரியாது.
இருபது வெள்ளி தந்தார். பத்தைத் திருப்பினேன்.

ஷட்டரை இறக்கும்போது
கடைசி டயரை உள்ளே உருட்டிக்கொண்டே பூபாலன் கேட்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்:
"என்னா, அந்த இரும்பு பேசுச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான் தெரியும்."

"ம்," என்றார்.